ஊரில் அச்சோவியப் பட்டறை வைத்தால் சொந்தப் படைப்பு வற்றிவிடுமா?

சென்னையில் அச்சோவியம் (கல், தகடு, மரக்கட்டை போன்றவற்றில் வரைந்தோ செதுக்கியோ தாளில் அச்செடுக்கும் கலை) படித்து முடித்துவிட்டுச் சேலத்துக்குத் திரும்பவிருக்கும் ஒருவர் இங்கே இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். வீட்டின் முன்கூடத்தில் ஒரு பட்டறை போட்டு, அதை ஊர்ப் பிள்ளைகளுக்கும் மற்ற ஓவியர்களுக்கும் திறந்துவிட அவருக்கு ஆசை. ஆனால் அப்படித் திறந்துவிட்டவர்கள் எல்லோரும் கடைசியில் பிறருக்கு அச்சடித்துக் கொடுப்பவர்களாகவே நின்றுபோனார்கள் என்று மூத்தவர்கள் எச்சரிக்கிறார்களாம். அது உண்மையா என்பது முதல் கேள்வி. மூடிக்கிடக்கும் பழைய அச்சகம் ஒன்றில் மூன்று லித்தோ கற்கள், அதாவது மேலே படம் வரைந்து அச்செடுக்கும் கற்கள், விலைக்கு வருகின்றன, வாங்கலாமா என்பது இரண்டாவது. முதல் கேள்வி பிழைப்பைப் பற்றியதுபோலத் தோன்றினாலும், அடியில் இருப்பது நேரத்தைப் பற்றிய அச்சம் என்றே நான் புரிந்துகொள்கிறேன். ஒரு நாளில் கைக்குக் கிடைக்கும் ஆறேழு மணி நேரம் என் கல்லுக்கா, அடுத்தவர் கல்லுக்கா என்பதுதான் உண்மையில் கேட்கப்படுவது.

நான் மதுரையில் 26 ஆண்டுகளாக அச்சோவியம் செய்துவருகிறேன். அமிலத்தால் அரித்த தகட்டிலிருந்து அச்செடுக்கும் ஒரு எட்சிங் பிரஸ், காலால் மிதித்து ஓட்டும் பழைய அச்சு இயந்திரமான ஒரு ட்ரெடில், நான்கு கற்கள், இவைதான் என் சொத்து. வாரத்தில் சில மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். என் அச்சுகள் பெரும்பாலும் வீட்டுக்கு வந்து பார்த்தவர்களிடமே விலைபோயின. ஆகவே காலரிகளின் வழக்கம், நல்கைகளுக்கு விண்ணப்பிக்கும் முறை ஆகியவற்றில் என் சொல்லை நீங்கள் நம்பக் கூடாது. பட்டறையின் தரையில் நின்று பார்த்ததை மட்டும் உறுதியாகச் சொல்வேன். அந்த உறுதியில் முதலாவது, பட்டறையைத் திறந்தால் நேரம் போகும் என்பது. இதில் உங்கள் மூத்தவர்கள் சொல்வது சரி. நேரத்தோடு படைப்பும் போகுமா என்பதில்தான் நான் அவர்களோடு மாறுபடுகிறேன்.

ஓவியர் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு முப்பது ஆண்டுகள் தனியாக வரையலாம். அச்சோவியருக்கு அது எளிதல்ல. காரணம் மனநிலை அல்ல, எடை. 60 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 8 செ.மீ. தடிமனும் உள்ள ஒரு லித்தோ கல் ஏறக்குறைய 55 கிலோ இருக்கும். அதை மேசையிலிருந்து பிரஸ் படுக்கைக்கு மாற்ற இன்னொரு ஆள் வேண்டும். பழைய வரைவை அழித்து மேற்பரப்பைப் புதிதாக்கும்போது கார்போரண்டம் என்ற தேய்ப்புத் தூளையும் தண்ணீரையும் தெளித்து ஒரு கல்லின் மேல் இன்னொரு கல்லை எட்டு வடிவில் தேய்ப்பது வழக்கம். அதாவது கல்லுக்கே துணைக் கல் தேவைப்படுகிறது. அச்சடிக்கும்போதும் ஒருவர் ஈரத் துணியால் கல்லைத் துடைக்க, இன்னொருவர் மை உருளையை ஓட்டுவதுதான் வசதி. மை பிடித்த கை தாளைத் தொடக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். இவ்வளவு பளுவான, விலையுள்ள, இரு கைகள் போதாத ஒரு கருவியைத் தனியாள் வாங்கித் தனியாக வைத்துக்கொள்வதே இயல்புக்கு மாறானது. அதனால்தான் அச்சோவியத்தின் வரலாறு பெரும்பாலும் பட்டறைகளின் வரலாறாக இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு நேர்முகமாகப் பொருந்தும் வாழ்க்கை நியூயார்க்கில் வாழ்ந்த ராபர்ட் பிளாக்பர்னுடையது. 1920ஆம் ஆண்டு நியூ ஜெர்சியில், ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்து, ஹார்லெமில் வளர்ந்த கறுப்பினத்தவர் அவர். 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அமெரிக்க அரசு கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பல ஊர்களில் கலை மையங்களை நடத்தியது. அவற்றுள் ஒன்றான ஹார்லெம் சமூகக் கலை மையம் 1937இல் தொடங்கியபோது சிற்பி அகஸ்டா சாவேஜ் அதன் முதல் இயக்குநராக இருந்தார். பள்ளி மாணவனாக அங்கே போன பிளாக்பர்னுக்கு லித்தோவைக் கற்றுக்கொடுத்தவர் ரிவா ஹெல்ஃபாண்ட் என்ற பெண் ஆசிரியர். 1938இல், பதினேழு வயதில், படகில் நெருக்கியடித்து நிற்கும் அகதிகளைக் கல்லில் வரைந்து அவர் எடுத்த அச்சு இன்றும் அவருடைய முக்கியப் படைப்புகளில் ஒன்றாகப் பேசப்படுகிறது. கையில் காசில்லாத ஒரு பையனுக்குக் கல்லும் பிரஸ்ஸும் கிடைத்தது அந்தப் பொது இடத்தில்தான். அவர் பின்னாளில் செய்தவற்றையெல்லாம் இந்தத் தொடக்கத்தோடு சேர்த்துத்தான் நான் படிக்கிறேன்.

பிறகு ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக் என்ற கலைப் பள்ளியில் வில் பார்னெட்டிடம் மேலும் பயின்று, 1940களின் பிற்பகுதியில், இன்னும் முப்பது வயதாகாத நிலையில், மன்ஹாட்டனில் 17ஆம் தெருவில் ஒரு பிரஸ்ஸை நிறுத்திச் சொந்தப் பட்டறை தொடங்கினார். யார் வேண்டுமானாலும் வரலாம், முடிந்ததைக் கொடுக்கலாம். கறுப்பினத்தவருக்குப் பல கதவுகள் சாத்தியிருந்த நகரத்தில், எந்த நிறத்தவருக்கும் எந்தப் பாணிக்கும் திறந்திருந்த இடமாக அது இருந்தது. ரொமேர் பியர்டன், எம்மா ஆமோஸ், ஃபெயித் ரிங்கோல்டு போன்ற கலைஞர்கள் அங்கே வேலை செய்திருக்கிறார்கள். பட்டறை வருமானம் பட்டறைக்கே போதாது. ஆகையால் பிளாக்பர்ன் வெளியே பல கல்லூரிகளில் பாடம் நடத்திப் பிழைத்தார்.

1957இல் தத்யானா குரோஸ்மன் என்ற பெண்மணி லாங் ஐலண்டில் இருந்த தம் வீட்டில் ஒரு அச்சுப் பதிப்பகம் தொடங்கினார். தம் வீட்டு முன்றிலில் கிடந்த இரண்டு லித்தோ கற்கள்தான் அவருக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்தன என்பார்கள். யுனிவர்சல் லிமிடெட் ஆர்ட் எடிஷன்ஸ் என்ற அந்தப் பதிப்பகத்தின் முதல் தலைமை அச்சாளர் பிளாக்பர்ன்தான். ஜாஸ்பர் ஜான்ஸ், ராபர்ட் ரவுஷன்பெர்க், ஹெலன் ஃபிராங்கந்தேலர், லாரி ரிவர்ஸ் ஆகியோரின் தொடக்கக்கால லித்தோக்கள் அவர் கையில் அச்சானவை. ஜான்ஸின் பெயரும் ரவுஷன்பெர்க்கின் பெயரும் உலகெங்கும் பரவின. உருளையைப் பிடித்தவர் பெயர் நீண்ட காலம் அடிக்குறிப்பிலேயே கிடந்தது. உங்கள் மூத்தவர்கள் பயப்படுவது இதைத்தான், அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை.

ஆனால் அதே ஆண்டுகளில் அவர் தமக்காக எடுத்த அச்சுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1950இல் அவர் எடுத்த சிவப்புடைப் பெண்ணின் லித்தோவில் உருவம் இன்னும் உருவமாக இருக்கிறது. பத்தாண்டு கழித்து எடுத்த வண்ண லித்தோக்களில் மேசை, கிண்ணம், பழம் எல்லாம் கரைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிய மெல்லிய மைப் பரப்புகள் மட்டும் மிஞ்சுகின்றன. எத்தனையோ பேருக்காகக் கல்லில் அமிலமும் கோந்தும் தடவிப் பழகாத கைக்கு இந்த நுணுக்கம் வந்திருக்காது என்பது ஒரு அச்சோவியனாக என் முடிவு. பிற்காலத்தில் அவர் லித்தோவைவிட மரச்செதுக்கு அச்சுகளையே அதிகம் செய்தார். ஓயாமல் ஆள் வந்துபோகும் பட்டறையில், இடையில் விட்டாலும் கெட்டுப்போகாத மரக்கட்டைதான் அவருக்கு ஒத்துவந்தது என்று நினைக்கிறேன். இது என் ஊகம் மட்டுமே. பட்டறையே நடத்தாமல் இருந்திருந்தால் அவர் இன்னும் அதிகம் படைத்திருப்பாரா என்ற கேள்விக்கு எவராலும் விடை சொல்ல முடியாது. குறைவாகத்தான் படைத்தார் என்பது உண்மை. ஆனால் வற்றிவிட்டார் என்று சொல்வது அந்த அச்சுகளைப் பார்க்காதவர்கள் பேச்சு.

1971இல் அவருடைய பட்டறை லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவானது. 1978இல் மொராக்கோவின் அசீலா நகரில் அச்சுப் பட்டறை அமைக்கவும் அவர் உதவினார். 1992இல் மக்ஆர்தர் நல்கை கிடைத்தது. 2003 ஏப்ரலில் இறந்தார். 2005 முதல் அவர் பெயரிலேயே ஒரு பட்டறை நியூயார்க்கின் 39ஆம் தெருவில் நடந்துவருகிறது. அவரைப் பற்றி இவ்வளவு நீட்டியதற்குக் காரணம், இந்த வாழ்க்கையில் இரண்டு வேறு வேலைகள் இருப்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான். ஒன்று, கதவைத் திறந்து வைப்பது: வருகிறவர் தம் வேலையைத் தாமே செய்துகொள்வார். மற்றது, கையைக் கொடுப்பது: வருகிறவருடைய பதிப்பு முழுவதையும், அதாவது ஒரே படத்தின் எல்லாப் பிரதிகளையும், நீங்கள் அச்சடித்துத் தருவீர்கள். மூத்தவர்கள் இவ்விரண்டையும் 'சமூகப் பணி' என்ற ஒரே பெயரால் சொல்லிவிடுகிறார்கள். நேரத்தைத் தின்பது இரண்டாவதுதான்.

இதை நான் என் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அதில் ஒவ்வொரு நாளும் பிரஸ்ஸில் என்ன ஏறியது என்று எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. நான்கு ஆண்டுகள் தொடர்ந்து என் சொந்த அச்சுகள் ஆறுக்கு மேல் இல்லை. அந்த நான்கு ஆண்டுகளிலும் நான் பள்ளிக்குப் போனது வாரத்துக்கு இரண்டு அரை நாட்கள்தான். மீதி நாட்களை விழுங்கியது மற்ற ஓவியர்களுக்காக நான் ஒப்புக்கொண்ட பதிப்புகள். முப்பது பிரதி என்றால் முப்பதும் ஒன்றுபோல இருக்க வேண்டும். தாள்கள் ஈரம் ஏறிக் காத்திருக்கும். நடுவில் எழுந்து போனால் கல் வறண்டு, வெற்றிடமாக இருக்க வேண்டிய இடத்தில் மை ஏறிவிடும். இந்த வேலை நாளை முழுசாகக் கேட்கும், மாலையில் மீதி வைக்காது. காசு உடனே வந்தது, அதை மறுக்கவில்லை. வீட்டு வாடகை அதில்தான் கட்டினேன். ஆனால் என் படைப்பு நின்றதற்குப் பிள்ளைகள்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன் என்பதை நோட்டுப் புத்தகம்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தது.

பிள்ளைகள் எனக்குச் செய்தது நேர்மாறானது. ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் செதுக்கி அச்செடுக்க உதவும் லினோ விரிப்பு வாங்கப் பணமில்லாமல், பழைய சைக்கிள் டியூபைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி, மை தடவி, கல்யாணப் பத்திரிகைத் தாளின் வெட்டுத் துண்டுகளில் குழிக்கரண்டியின் முதுகால் தேய்த்து அச்செடுத்துக்கொண்டிருந்தோம். பஞ்சர் கடைக்காரர் மகன் ஒருவன் கொண்டுவந்த டியூபில் பழைய ஒட்டு ஒன்று இருந்தது. அதை வெட்டி எறியச் சொல்ல நினைத்து வாயெடுப்பதற்குள் அவன் மை உருட்டிவிட்டான். தாளைத் தூக்கினால், மீன் வெட்டியதுபோல இருந்த கறுப்பு உருவத்தின் வயிற்றில் ஒரு வட்டம். அதைச் சுற்றி, ஒட்டுவதற்குமுன் அரம் போட்டுத் தேய்த்த கோடுகள் ஒவ்வொன்றும் ஊசிமுனைபோலத் தெரிந்தன. செப்புத் தகட்டில் அந்த மாதிரிக் கோடு கொண்டுவர நான் எத்தனையோ நாள் மெனக்கெட்டிருக்கிறேன். அன்று மாலையே அவன் அப்பா கடையில் ஒரு சாக்கு டியூப் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்; அடுத்த இரண்டு ஆண்டுகள் என் வேலை முழுவதும் அந்த ரப்பரிலிருந்துதான் பிறந்தது. (அந்தப் பையன் பிறகு ஓவியம் பக்கம் வரவில்லை, ஐ.டி.ஐ. படித்து வேலைக்குப் போய்விட்டான். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை.)

பலர் கூடும் இடத்தில் நுட்பம் பிறக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டும் உண்டு. சித்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1925இல் பிறந்த கிருஷ்ணா ரெட்டி, சாந்திநிகேதனில் படித்து, 1940களின் இறுதியில் சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியப் பிரிவை நடத்தியவர். பிறகு பாரிஸில் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டரின் 'அட்லியே 17' பட்டறைக்குப் போனார். அது ஆசிரியர், மாணவர் என்ற கோடு இல்லாமல் எல்லோரும் ஒருவர் தகட்டை ஒருவர் பார்த்துக் கற்ற இடம். ஒரே தகட்டை வெவ்வேறு ஆழங்களில் அரித்து, எண்ணெய் கூடிய மையையும் குறைந்த மையையும் கடின உருளை, மென் உருளை என்று மாற்றி ஏற்றினால், அவை ஒன்றோடொன்று கலக்காமல் பல வண்ணங்களும் ஒரே அழுத்தத்தில் தாளில் இறங்கும். ரெட்டியும் கைகோ மோத்தியும் ஹேட்டரோடு சேர்ந்து அங்கே வளர்த்தெடுத்த அந்த முறையைத்தான் நீங்கள் கல்லூரியில் 'விஸ்காசிட்டி' என்று படித்திருப்பீர்கள். தனி அறையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பத்துப் பேர் தவறுகளைப் பக்கத்து மேசையில் பார்க்க முடிந்த இடத்தில் அது சீக்கிரம் நடந்தது என்பதை நம்புகிறேன்.

இனி உங்கள் முன்கூடம். வாரத்தில் எந்தெந்த நாள் கதவு திறந்திருக்கும் என்பதை முதல் நாளே எழுதி மாட்டிவிடுங்கள். மூடியிருக்கும் நாளில் உறவினர் வந்தாலும் பிரஸ்ஸைத் தொட விடாதீர்கள். வருகிறவர்கள் தாங்களே மை அரைத்து, தாங்களே அச்செடுத்து, தாங்களே மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுப் போகட்டும்; நீங்கள் சொல்லிக்கொடுங்கள், செய்துகொடுக்காதீர்கள். பதிப்பு அச்சடித்துத் தரும் வேலையை ஆண்டுக்கு இரண்டு மூன்று என்று அளவாக ஏற்றுக்கொண்டு, உங்கள் பெயர் அச்சாளராகக் குறிக்கப்பட வேண்டும் என்பதை முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். எத்தனை பிரதி என்று பேசினீர்களோ அதற்கு மேல் ஒன்றும் எடுக்காமல், முடிந்ததும் கல்லையோ தகட்டையோ கோடு கிழித்து அழித்துவிடுங்கள். முப்பதில் பன்னிரண்டாவது பிரதி என்பதைக் காட்ட 12/30 என்று பென்சிலில் எழுதும் எண்ணுக்கு வாங்குபவரிடம் இருக்கும் மதிப்பு அந்த நேர்மையால்தான்.

எட்சிங் பிரஸ் வாங்க இப்போது கடன் வாங்க வேண்டாம். சேலத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்த ட்ரெடில்கள் பல இடங்களில் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். லினோவை ஒட்டுப்பலகையில் ஒட்டி, மொத்த உயரம் அச்செழுத்தின் உயரமான 23.3 மில்லிமீட்டருக்குச் சரியாக வரும்படி அடியில் தாள் வைத்து ஏற்றினால், ட்ரெடில் அழகாக அச்சடிக்கும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் லினோ நசுங்கும், குறைந்தால் தாள் வெளிறும். ஊரில் வேலை இல்லாமல் இருக்கும் ஒரு பழைய ட்ரெடில்காரரைக் கூப்பிட்டால் அரை மணியில் சரிசெய்துவிடுவார், அவரும் உங்கள் பட்டறைக்கு ஓர் ஆளாகிவிடுவார். எட்சிங்கும் பெரிய லித்தோவும் செய்ய வேண்டியிருக்கும்போது சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமியின் வட்டார மையத்துக்குப் போய் அங்கே இருக்கும் பட்டறையில் வேலை செய்யுங்கள். தேவகோட்டையில் பிறந்த ஆர். எம். பழனியப்பன் போன்ற தேர்ந்த அச்சோவியர்கள் பொறுப்பில் இருந்து நடத்திய இடம் அது. ஊருக்குப் போய்விட்டோம் என்று அந்தத் தொடர்பை அறுத்துக்கொள்ளாதீர்கள்.

இடத்தைப் பற்றி ஒரு சொல். முன்கூடம் உங்கள் குடும்பத்தினுடையது என்று எழுதியிருக்கிறீர்கள், அது நல்லது. ஓர் அறக்கட்டளை எனக்கு இலவசமாக ஓர் அறை கொடுத்தது. வாய்ப் பேச்சை நம்பி நான் தரையைக் கான்கிரீட் போட்டு, மின் இணைப்பும் என் காசில் செய்தேன். மூன்றாம் ஆண்டு அவர்களுக்கு அந்த அறை விழாக்களுக்கு வேண்டியிருந்தது. ஐப்பசி மழையில் ஆறு சுமைதூக்கிகளை வைத்து பிரஸ்ஸை வெளியே எடுத்தோம், படுக்கை துருப்பிடித்து, அதைக் கடைசல் பட்டறையில் கொடுத்துச் சமன்செய்ய ஒரு மாதம் ஆனது. யாருடைய இடமாக இருந்தாலும் எழுத்தில் வாங்குங்கள்.

கற்களை வாங்குங்கள், ஆனால் பார்த்து வாங்குங்கள். நல்ல லித்தோ கல் ஜெர்மனியின் பவேரியாவில் சோல்ன்ஹோஃபன் பகுதியில் எடுத்த சுண்ணாம்புக்கல். சாம்பல் நிறம் என்றால் கெட்டி, நுண்ணிய வரைவுக்கு ஏற்றது. வெளிர்மஞ்சள் என்றால் மிருது, சீக்கிரம் தேயும். மேற்பரப்பில் பழைய லேபிளோ நாட்காட்டிப் படமோ இருந்தால் உடனே தேய்த்துவிடாதீர்கள், முதலில் ஓர் அச்சு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து செ.மீ.க்குக் கீழே தடிமன் இருந்தால் பிரஸ்ஸின் அழுத்தத்தில் உடையும் ஆபத்து உண்டு. இரும்பு அளவுகோலை நான்கு திசையிலும் குறுக்கேயும் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். நடுவில் பள்ளம் இருந்தால் தேய்த்துச் சமன்செய்ய உங்களுக்கு ஒரு வாரம் பிடிக்கும், அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள். கடைசியாக, கல்லை இரண்டு மரக்கட்டைகளின் மேல் தூக்கிவைத்து விரல் முட்டியால் தட்டுங்கள். முழுக்கல் மணிபோல ஒலிக்கும். மண்பானையில் விரிசல் விட்டதுபோலச் சத்தம் வந்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளே விரிசல் இருக்கிறது; அந்தக் கல்லை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு மற்றவற்றை ஏற்றிக்கொண்டு வாருங்கள்.